வாய்க்கால் குறுகினால் பாத்தி என்ன செய்யும்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தை நெருங்குகையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சதுரம் சதுரமாக வரப்புக் கட்டிய உப்பளங்களையும், கரைமேல் குவிந்து கிடக்கும் வெள்ளைக் குன்றுகளையும் கண்டு, வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவதுண்டு. ஆயினும் அப்பாத்திகளுள் நிகழும் காரியத்தின் சூட்சுமத்தை நின்று கவனிப்பவர் சிலரே. உவர்நீர் ஒரே பாத்தியில் உப்பாகிவிடுவதில்லை. நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் சுமார் 3 பாகை கனமுள்ள கடல்நீர், ஒரு பாத்தியில் சற்றே காய்ந்து, அடுத்ததில் இன்னும் இறுகி, அழுக்கையும் சுண்ணத்தையும் வழியிலேயே விட்டுவிட்டு, 25 பாகையை எட்டிய பின்னரே கடைசிப் பாத்தியில் பரல் பரலாகப் படிகிறது. ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு வேலை. எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே நேரத்தில் வேலை. வாய்க்காலில் நீர்வரத்துக் குறைந்தால், வெயில் எவ்வளவு காய்ந்தாலும் கடைசிப் பாத்தி வெறுமையாகவே கிடக்கும்.

சிறு வயதுமுதல் கண்ட இக்காட்சி, கணிப்பொறியின் உட்புறத்தை விளங்கிக்கொள்ள எனக்கு உதவும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. உப்பளத்தில் வேலை பார்க்கும் என் அத்தானின் மகன், கல்லூரி மாணவன், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வந்து, இரவில் ‘வாலரண்ட்’ ஆடிக்கொண்டிருந்தான். ஒருநாள் முகம் வாடி என்னிடம் வந்தான்.

“மாமா, ஆளுங்க நாலு பேர் சேர்ந்து வந்தாலே லேக் ஆகுது. இதுல கிராபிக்ஸ் கார்டு இல்ல, ஆன்போர்டுதான். ஒரு கார்டு வாங்கணும்.”

அவனுடைய பெட்டிக்குள் இருந்தது 2012-ல் வெளிவந்த இன்டெல் ஐ7-3770 செயலி. அதனுள்ளேயே ‘எச்டி 4000’ என்னும் வரைகலைப் பகுதி அடங்கியிருக்கிறது. திரையில் உருவங்களை வரையும் பொறுப்பைத் தனி அட்டையிடம் ஒப்படைக்காமல், கணிப்பொறியின் அங்கம் ஒன்றிடமே ஒப்படைக்கும் இம்முறை புதியதன்று. இன்டெல் 1999-ல் வெளியிட்ட 810 சிப்செட்டிலேயே அது உண்டு. 2005-ல் வந்த ‘ஜிஎம்ஏ 950’ அக்காலத்துப் பிரௌசிங் சென்டர்களில் மிகப் பரிச்சயமான பொருள். 2011-ல் ‘சாண்டி பிரிட்ஜ்’ வரிசையோடு அது செயலியின் அதே சில்லுக்குள் குடியேறியது. அதே 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் தமிழ்நாட்டரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. இலட்சக்கணக்கான குடும்பங்கள் கணிப்பொறி என்னும் சாதனத்தை முதன்முதலாகத் தொட்டது, ஆகவே பிள்ளைகள் முதன்முதலாக ஆட்டம் ஆடியதும், இத்தகைய உள்ளடங்கிய வரைகலையிலேதான். அதை ஏளனமாகப் பேசுவோர் இந்த உபகாரத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஆயினும் அதன் எல்லையை அறிவது அவசியம். 1366-க்கு 768 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில் சுமார் 10.5 இலட்சம் புள்ளிகள் உண்டு. வினாடிக்கு 60 தடவை படம் மாறவேண்டுமாயின், ஒவ்வொரு வினாடியும் 6 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 17 மில்லி வினாடி மட்டுமே. இவ்வேலை உப்பளத்து வேலையைப் போன்றதே. ஆட்டத்தின் உலகம் முதலில் முக்கோணங்களாக வந்து சேர்கிறது. அடுத்த படியில் அவை திரைக்கேற்ற இடத்தில் பொருத்தப்படுகின்றன. அதற்கடுத்து புள்ளிகளாகப் பிரிகின்றன. இறுதியில் ஒளியும் நிழலும் பூசப்பட்டுப் படமாகப் படிகின்றன. பாத்திக்குப் பாத்தி நீர் நகர்வதுபோல் படிக்குப் படி தரவு நகர்கிறது. ஒவ்வொரு படியிலும், மேதாவி ஒருவன் தனித்திருந்து போடும் கணக்கைவிட, நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் பலகை பிடித்து உப்பு வாருவது போன்ற கூட்டு உழைப்பே வேண்டப்படுகிறது.

இவ்விடத்தில்தான் தனி அட்டைக்கும் உள்ளடங்கிய வரைகலைக்கும் உள்ள தாரதம்மியம் புலப்படுகிறது. 2016 அக்டோபரில் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அட்டையில் இத்தகைய சிறு கணக்கர்கள் 768 பேர்; எச்டி 4000-ல் உள்ள செயலலகுகள் 16. இரண்டின் அமைப்பும் வெவ்வேறாதலால் எண்ணை எண்ணோடு நேரே ஒப்பிடல் நியாயமாகாது. என் கருத்தில், கணக்கர் தொகையைவிடப் பெரிய பேதம் வாய்க்காலில் இருக்கிறது. உள்ளடங்கிய வரைகலைக்குச் சொந்த நினைவகம் கிடையாது. செயலி பயன்படுத்தும் அதே ராம்-இல் பங்கு கேட்டு, அதே பாதையில் காத்திருந்து, செயலி எடுத்ததுபோக மிஞ்சியதையே பெறுகிறது. 1600 வேகமுள்ள டிடிஆர்3 ராம் ஒற்றைப் பட்டையாக இருந்தால் அப்பாதையில் வினாடிக்கு 12.8 ஜிபி செல்லும். இரட்டைப் பட்டையாக இருந்தால் 25.6 ஜிபி. 1050 டிஐ அட்டையோ தன் மேலேயே 4 ஜிபி நினைவகத்தைச் சுமந்துகொண்டு, வேறு யாருடைய பங்கும் இல்லாத 112 ஜிபி வாய்க்காலை வைத்திருக்கிறது. ஊர்ப் பொதுக் கால்வாயில் முறை வைத்து நீர் பெறுபவனுக்கும், பாத்தியருகிலேயே சொந்தத் தேக்கம் வைத்திருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இது.

இதன் பயனை அளக்க வேறெங்கும் போகவேண்டியதில்லை. வாலரண்ட் ஆட்டத்தை இயற்றிய ரயட் நிறுவனமே வெளியிட்ட பட்டியலில், வினாடிக்கு 30 படங்களுக்கு எச்டி 4000 போதும். 60 படங்களுக்கு ஜிடி 730 அட்டை வேண்டும். 144-க்கு மேல் வேண்டுமாயின் 1050 டிஐ வேண்டும் என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பழைய உள்ளடங்கிய வரைகலை முதற்படியில் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். அது தகுதியற்ற பொருளன்று, தன் படியில் நிற்கும் பொருள். ஆனால் எல்லா ஆட்டங்களும் இவ்வளவு தாட்சணியம் காட்டுவதில்லை. எச்டி 4000 அறிந்த பாஷை டைரக்ட்எக்ஸ் 11 வரைதான். 12-ஐக் கட்டாயமாகக் கேட்கும் புது ஆட்டங்கள் அதில் மெதுவாகக்கூட ஓடா; திறக்கவே மறுக்கும்.

மருமகனின் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, ராம் செருகும் இடத்தில் 4 ஜிபிப் பட்டை ஒன்றே ஒன்று தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. “முதல்ல இதுக்கு ஒரு ஜோடி போடுடா” என்றேன். அதே வேகத்தில் இன்னொரு பழைய டிடிஆர்3 பட்டையைச் சொற்ப விலைக்கு வாங்கி, சரியான துளையில் செருகியதும், வாய்க்கால் இரு மடங்காயிற்று. ஆட்டம் அற்புதமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நாலு பேர் சேர்ந்து வரும்போது திக்கித் திணறிய இடங்கள் குறைந்தன என்பதே உண்மை. கார்டின் மீதுள்ள மோகத்தில் இம்முதற்படியைத் தாண்டிக் குதிப்போர் பலர்.

அதற்குமேல் வேண்டுவோருக்குக் கார்டுதான் மார்க்கம். சிறிய மின்வழங்கியோடு வரும் அலுவலகப் பெட்டிகளுக்கு 1050 டிஐ போன்றவை ஏற்றவையாவதற்குக் காரணம், 75 வாட் அளவிலேயே அடங்கி, பெரும்பாலும் தனி மின்கம்பி கேளாமல், செருகிய துளையிலிருந்தே மின்சாரம் பெற்றுக்கொள்வதே. மெலிந்த பெட்டியாயின் பாதி உயர அட்டைதான் உள்ளே நுழையும்; அளந்து பார்க்காமல் வாங்கலாகாது. சென்னை ரிச்சி தெருவிலாயினும் வேறெங்காயினும், பழைய கார்டு வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது: 1050 டிஐ சில்லுக்கு அனலாக் விஜிஏ வெளியீடு கிடையாது. அப்பெயர் ஒட்டிய அட்டையில் விஜிஏ துளை இருந்தால், அது மிகப் பழைய அட்டைக்குப் பெயர்மாற்றம் செய்த வேஷமாக இருக்கலாம். ‘ஜிபியூ-இஸட்’ என்னும் இலவச மென்பொருள் இவ்வேஷத்தைக் கலைத்துவிடும். அட்டையைப் பொருத்திய பின்னும் திரையின் கம்பியைப் பழைய மதர்போர்டு துளையிலேயே விட்டுவிட்டு, மாறுதல் ஒன்றும் இல்லையே என்று வருந்துவோரையும் நான் கண்டிருக்கிறேன்.

பொங்கல் கழிந்து, அவன் சேர்த்த பணத்தில் கார்டு வந்தது. ஆனால் கடற்கரை ஊரில் ஒரு சாதனம் கூடினால் அதற்குரிய கவலையும் கூடும். கார்டின் விசிறி வெப்பத்தை வெளியேற்றக் காற்றை இழுக்கிறது. எங்களூர்க் காற்றில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்குமென்பது, மழைக்காலத்தில் உப்பு ஜாடி வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் தெரிந்த விஷயம். மின்தடங்களின்மேல் படிந்த நுண்ணுப்பு அவ்வாறு கசிந்தால் அரிப்பு உண்டாகும். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கு அருகே கரை கடந்தபோதுபோல், நாட்கணக்கில் பெட்டி அணைந்து குளிர்ந்து கிடப்பதே அதற்கு அதிக அபாயம். தினமும் சிறிது நேரம் ஓடும் பெட்டி தன் சூட்டாலேயே உட்புறத்தை உலர்த்திக்கொள்கிறது. உள்ளடங்கிய வரைகலைக்கு இத்தனை உபத்திரவம் இல்லை; தனக்கென விசிறியோ, துருப்பிடிக்கும் தகடோ அதற்குக் கிடையாதே.

இதையெல்லாம் நான் மருமகனுக்கு விஸ்தாரமாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தபோது, திண்ணையிலிருந்து அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கார்டு என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. மறுநாள் அளத்திலிருந்து திரும்புகையில், மழைக்கு உப்புக் குவியல் மூடும் தார்ப்பாயிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று அவர் கையில் இருந்தது.

“ஆட்டம் முடிஞ்சு, சூடு ஆறுனதும் மூடுடா. ஓடும்போது மூடாத. வேகுற பாத்திய யாராவது மூடுவாங்களா?”

அத்தனை நூல்களைப் புரட்டி நான் சொன்னதை, மூன்றே வாக்கியங்களில் அவர் முடித்துவிட்டார்.