சுவரில் வாசல் எங்கே இருக்கிறது?

மதுரை மாவட்டம் எழுமலை பக்கம் இருக்கும் உத்தப்புரத்தைப் பற்றி நம் மாணவர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 1989-இல் நடந்த சாதி மோதலுக்குப் பிறகு, ஆதிக்கச் சாதியினர் குடியிருப்புக்கும் தலித் மக்கள் குடியிருப்புக்கும் நடுவே அங்கு ஒரு சுவர் எழுந்தது. நீளம் சுமார் 600 மீட்டர். ஏறத்தாழ 18 ஆண்டுகள் அது யார் கண்ணையும் உறுத்தாமல் நின்றது. 2008-இல் சுவரின் மேல் மின்கம்பி இழுத்திருக்கிறார்கள் என்ற செய்தி வெளிவந்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. போராட்டங்கள் வலுத்தன. அந்த ஆண்டு மே 6-ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் போலீஸ் காவலோடு ஒரு பகுதியை இடித்தது. கிடைத்த வழி 15 அடி அகலம்.

600 மீட்டரில் 15 அடி. ஒரு டிராக்டர் தாராளமாகப் போய் வரலாம், அவ்வளவுதான். அதற்கே பல குடும்பங்கள் கோபித்துக்கொண்டு ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய்த் தங்கின. ரேஷன் கார்டுகளையும் திருப்பிக் கொடுத்தன. அதே ஆண்டு நவம்பரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தலித் ஒருவர் உயிரிழந்தார். அங்குள்ள கோயிலுக்குள் தலித் மக்கள் போக 2011 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லை என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் வாழ்க்கையே எல்லைகளால் ஆனதுதான். வரப்பு இரண்டு வயல்களைப் பிரிக்கிறது. ஆனால் இரண்டு வயல்காரர்களும் அதன் மேல்தான் நடக்கிறார்கள். வேலிப் படலைத் தள்ளினால் திறக்கும். திண்ணை பாதி வீட்டுக்குச் சொந்தம், பாதி தெருவுக்குச் சொந்தம். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்குத் திண்ணையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் வாசலுக்கு வெளியே நின்றே பேச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தந்தால் பாடம் முழுமையாகும்.

நம் கிராமங்களின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே பெரும்பாலும் சுவர் இருக்காது. ஒரு ஓடை, கொஞ்சம் புறம்போக்கு, நாலு வயல் இருக்கும். செங்கல் இல்லாத சுவர் அது. பல ஊர்களில் காலனி இருப்பது தாழ்வான நிலத்தில். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் எங்கே வந்து தேங்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தண்ணீர் என்றதும் நடூர் நினைவுக்கு வருகிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய நடூரில் 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்கு முன், கனமழையில், தனியார் வீடு ஒன்றின் சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்து கீழே இருந்த தலித் மக்களின் வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டிருந்ததாக அப்பகுதி மக்கள் சொன்னார்கள். மகனையும் மகளையும் ஒருசேரப் பறிகொடுத்த ஒரு தந்தை, அந்த இருவரின் கண்களையும் தானமாகக் கொடுத்தார்.

உயரமான சுவர் ஏன் விழுகிறது என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மேட்டுப் பக்கம் மண் ஊறும்போது தண்ணீரின் பாரம் முழுவதும் சுவரைத் தள்ளும். தண்ணீர் வடிய அடியில் துளைகள் விட வேண்டும். உயரத்துக்கு ஏற்ற அஸ்திவாரமும் இடையிடையே தூண்களும் வேண்டும். இவை இல்லாவிட்டால் அது மேட்டுப் பக்கம் சாயாது, பள்ளத்துப் பக்கம்தான் சாயும். கட்டுகிறவர் ஒரு பக்கம் இருக்கிறார். ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. மறுபக்கத்தாரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நகரத்தில் இதே சுவருக்கு வேறு பெயர்கள்: காம்பவுண்டு, பாதுகாப்பு, லே-அவுட் எல்லை. புதிதாகப் பிரித்த மனைகளின் கடைசி வரிசையில், காலனியை ஒட்டி மட்டும் சுவர் எழும்பும். பஸ் ஸ்டாப்புக்கு ஐந்து நிமிடத்தில் போன பெண்கள் அரை மணி நேரம் சுற்றிப் போவார்கள். சென்னையில் சுவர்கூடத் தேவைப்படவில்லை. ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது, தூரமே சுவராகிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. உத்தப்புரம் இருக்கும் அதே மதுரை மாவட்டத்தில்தான் 1998-இல் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 தலித் குடும்பங்களுக்கு. சாதிக்கொரு தெரு என்று பிரிக்காமல் வீடுகளைக் கலந்து கொடுத்தார்கள். குறைகள் எத்தனையோ சொல்லலாம். ஆனால் ஒரு குடியிருப்பை அப்படியும் வரைய முடியும் என்று அது காட்டியது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு சுவர் இருந்தால், முதலில் அது நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். ‘அ’ பதிவேடும் புலப்பட வரைபடமும் இணையத்திலேயே கிடைக்கின்றன. காலேஜ் போகும் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கலாம். புறம்போக்கு என்றால், 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றச் சொல்லி தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். பட்டா நிலமாக இருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் தடையின்றி, உரிமையோடு நடந்த பாதைக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் கீழ் சிவில் நீதிமன்றத்தில் உரிமை கோர வழியுண்டு. பட்டியல் சாதியினர் சாலையையோ பொதுப்பாதையையோ மற்றவர்களைப் போலப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மனுவில் “எங்கள் பாதையை அடைத்துவிட்டார்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். சர்வே எண், சுவரின் நீளம், உயரம், எந்த ஆண்டு கட்டியது, தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என எல்லாவற்றையும் எழுதி, போட்டோவும் வையுங்கள். கிராம சபையில் கொடுத்தால் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். தாலுகா ஆபீசில் கொடுத்தால், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.