ஊசி வைத்தியத்துக்குப் போகமுன்னர்

கனடாவுக்கு வந்து தொழிற்சாலை வேலைக்குப் போகத் தொடங்கிய எம்மவர் பலருக்கு, ஓரிரு வருடங்களுக்குள்ளேயே நாரிநோ வந்துவிடுகிறது. எட்டு மணித்தியாலம் நின்ற நிலையில் வேலை, பிறகு பஸ், பிறகு வீட்டு வேலை. குடும்ப வைத்தியர் குளிசை எழுதித் தருகிறார். குளிசை முடிய நோவும் திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் தெரிந்தவர் யாராவது, “அக்குபங்சர் செய்து பாருங்கோவன்” என்கிறார்.

கொழும்பில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இராது. களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய செய்த ஊசி வைத்தியம் அந்த நாளில் பெயர் பெற்றிருந்தது. ஆனால் இங்கே நடைமுறை வேறு.

ஒன்ராறியோவில் 2013 ஏப்ரல் 1 முதல் இத்தொழில் சட்டத்தின் கீழ் வந்துள்ளது. பாரம்பரிய சீன வைத்தியர்களையும் அக்குபங்சர் வைத்தியர்களையும் கண்காணிப்பதற்கென ஒரு ‘கொலிஜ்’ உண்டு. பெயர் அப்படியே தவிர, அது படிப்பிக்கும் கல்லூரி அல்ல. பதிவு கொடுப்பதும் முறைப்பாடுகளை விசாரிப்பதுமே அதன் வேலை. பதிவுள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் பார்க்கலாம். பிசியோதெரபி செய்பவர்கள் சிலரும் தங்கள் சொந்தக் கொலிஜின் விதிப்படி ஊசி குத்துகிறார்கள். ஆகவே “நீங்கள் எந்தக் கொலிஜில் பதிவு?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

அடுத்தது காசு. ஓஹிப் அட்டை இதற்குச் செல்லாது. வேலைத்தலத்துக் காப்புறுதி இருந்தால் வருடத்துக்கு ஒரு குறித்த தொகை வரை கிடைக்கக்கூடும். அதை முதலிலேயே விசாரித்து வையுங்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிரப்பாத படிவத்தில் கையொப்பம் கேட்டால் போடாதீர்கள். செய்யாத சிகிச்சைக்குப் பற்றுச்சீட்டு எழுதி, “காசைப் பாதி பாதி எடுப்போம்” என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்களும் உண்டு. அது மோசடி. பிடிபட்டால் போவது உங்கள் வேலைதான். இருபது தடவைக்கான பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னாலும் யோசியுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா இரவு வேலை முடித்து, வெறும் வயிற்றோடு நேரே சிகிச்சைக்குப் போனார். மூன்றாவது ஊசியோடு மயக்கம் வந்துவிட்டது. ஆகவே லேசாகச் சாப்பிட்டுவிட்டே போங்கள். முழங்கால், முழங்கை வரை சுருட்டக்கூடிய தளர்வான உடுப்பு நல்லது. வைத்தியர் நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். வெற்றிலை போட்டுக்கொண்டு போனால் அவர் எதைக் கண்டுபிடிப்பாரோ தெரியாது!

ஊசிக்குப் பயப்பட வேண்டாம். மருந்தேற்றும் ஊசிபோல் அதில் துளை இல்லை. தடிப்பு பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் அளவுதான். ஒரு தடவை பாவித்து எறியும் ஊசியாக இருக்க வேண்டும், பொதியை உங்கள் முன்னால் உடைக்க வேண்டும். குத்திய இடத்தில் ஒரு கனம், விறைப்பு வரலாம். இருபது, முப்பது நிமிடம் அப்படியே படுத்திருப்பீர்கள்.

இனி, எம்மவர் வாய் திறக்கத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். தடுப்பில் அடி, வதை பட்டவர்களுக்கு, கதவு மூடிய அரையிருட்டு அறையில் முகம் குப்புறக் கிடப்பதே தாங்க முடியாததாகலாம். காரணம் விளக்க வேண்டியதில்லை. “கதவு திறந்திருக்கட்டும், லைற்றை அணைக்க வேண்டாம், நான் இருந்துகொண்டே செய்விக்கிறேன்” என்று கேட்கலாம். நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தத்தான் வேண்டும். உங்கள் சம்மதமில்லாமல் சிகிச்சை இல்லை என்பது இங்கே சட்டம்.

கர்ப்பம், இரத்தத்தை இளக்கும் குளிசை, நீரிழிவு, இதயத்தில் வைத்த பேஸ்மேக்கர் ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை ஆகாது. இதையெல்லாம் மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். தாயின் மாதவிலக்கையும் தகப்பன் பட்ட அடியையும் அந்தப் பிள்ளை ஏன் சொல்ல வேண்டும்? வளர்ந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

சுகம் வருமா? ஜேர்மனியில் நாள்பட்ட நாரிநோ உள்ள 1,162 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதத்தின் பின், வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேர் வரையில் தேறினர். அக்குபங்சர் பெற்றவர்களில் 48 பேர் வரை. வேடிக்கை என்னவென்றால், முறையான புள்ளிகளை விட்டு வேறிடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44 பேர் தேறினார்கள். ஏன் என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. நோவுக்கு ஓரளவு ஆறுதல் என்று எண்ணிப் போவது சரி. நீரிழிவு மாறும், இன்சுலினை விடுங்கள் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். ஐந்தாறு தடவையில் மாற்றமில்லாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் திரும்பிப் போங்கள்.

சிறு கண்டலோ களைப்போ வந்தால் பயமில்லை. நெஞ்சிலோ மேல் முதுகிலோ குத்திய பின் மூச்சு முட்டினால் தாமதியாமல் 911ஐ அழையுங்கள். அரிதென்றாலும் ஊசி நுரையீரலில் பட்டிருக்கலாம். கோப்பை வைத்து இழுத்தால் முதுகில் வட்டமாகக் கருஞ்சிவப்புத் தழும்புகள் விழும். பார்க்கப் பயங்கரம், ஆனால் ஒன்றிரண்டு கிழமையில் மறைந்துவிடும்.