உஷார்! மாமல்லபுரம் கடற்கரையில் நாயின் கயிற்றை அவிழ்க்காதீர்கள்

விடியற்காலை ஐந்தரை மணி. தேவனேரி பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு இறங்குகிறோம். ஆளில்லாத மணல். "பாவம், வாரம் பூரா ஃபிளாட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கு, கொஞ்ச நேரம் ஓடட்டுமே" என்று நாயின் கயிற்றை அவிழ்த்துவிடுகிறோம். நானும் அப்படி அவிழ்த்துவிட்டவன்தான். போன மாசியில், கண்மூடித் திறப்பதற்குள் என் நாய் கரையில் கிடந்த எதையோ கவ்விக்கொண்டது. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் அங்கிருந்தே கத்தினார்: "சார், அது பேத்தை! பிடுங்குங்க, பிடுங்குங்க!" தாடையைப் பிளந்து பிடுங்கினேன். இன்னும் விழுங்கவில்லை. அதனால்தான் பிழைத்தது.

பேத்தை என்பது உடம்பைப் பந்துபோல் உப்பிக்கொள்ளும் மீன். வலையில் மாட்டினால் மீனவர்கள் கரையிலேயே வீசிவிடுவார்கள். ஈரல், முட்டைப்பை, சில வகைகளில் தோலிலும்கூட டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். வெயிலில் காய்ந்தாலும் அதன் வீரியம் போகாது. தின்ற நாய்க்கு வாந்தி வரும், எச்சில் ஒழுகும், கால் தள்ளாடும். பிறகு மூச்சுத் தசைகளே செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. மருத்துவர் செயற்கை சுவாசம் கொடுத்துத் தாக்குப்பிடிக்க வைத்தால்தான் உண்டு. 2009-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் அடுத்தடுத்து செத்ததற்கும் இதே நஞ்சுதான் காரணம். அங்கே அது ஓடில்லாத ஒரு கடல் நத்தையில் இருந்தது. ஆகவே கரையில் கிடக்கும் எதையும் நாய் வாயில் வைக்க விடாதீர்கள். பிய்ந்த வலை, தூண்டில் முள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

சவுக்குத் தோப்பும் செங்கல்பட்டுப் பக்கத்துக் குன்றுகளும் இன்னொரு ஆபத்து. சருகுக்குள் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் படுத்திருக்கும். நாய் மூக்கை நுழைத்துத்தான் எதையும் அறியும். கடியும் பெரும்பாலும் மூக்கிலோ முகத்திலோதான் விழும். கடிபட்டால் முதலில் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள், முகமும் கழுத்தும் வீங்கும். கட்டு போடாதீர்கள், கீறாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விஷமுறிவு மருந்து எந்தக் கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தரும், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில்தான் இருக்கிறது.

வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்களுக்கும் நாயோடு போகிற எண்ணமே வேண்டாம். ஒரு குரைப்பு போதும், கூட்டிலிருக்கும் பறவைகள் கலைந்துவிடும்.

என்னை அதிகம் பதற வைப்பது ஆமைகள்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். புதைந்த முட்டைகளின் வாசனை நமக்குத் தெரியாது, நாய்க்கு உடனே தெரியும். இரண்டு நிமிடத்தில் மொத்தக் குழியையும் பறித்துவிடும். தெருநாய்தான் தோண்டுகிறது என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் வீட்டு நாய்க்கும் நகமும் மூக்கும் அதேதான். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ராத்திரி ராத்திரியாக மணலில் நடந்து இந்த முட்டைகளைத் தேடி எடுத்துக் காக்கிறார்கள். 2025 ஜனவரியில் இந்தக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். இந்த நிலையில் ஒரு குழி போனால்கூடப் பெரிய இழப்பு. பங்குனி ஆமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையைச் சேதப்படுத்துவதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான்.

காலையில் கடலிலிருந்து மேட்டு மணலுக்கு டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம் ஏறித் திரும்பியிருந்தால், தாய் ஆமை வந்து போயிருக்கிறது. கயிற்றை இறுக்கிப் பிடித்து நாயை அலையோரத்து ஈர மணலுக்கு இறக்கிவிடுங்கள். நீங்களும் தோண்டிப் பார்க்காதீர்கள். பக்கத்துக் குப்பத்து மீனவர்களிடமோ வனத்துறையிடமோ சொல்லிவிட்டு, நாயைத் திருப்பிக்கொண்டு கிளம்புங்கள்.