தலைகீழாகப் பிடித்த கிற்றார்

“முந்தி நானும் வயலின் படிச்சனான் பிள்ளை. இப்ப விரல் ஒத்துக்கொள்ளாது.”

தையல் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அம்மா ஒருநாள் என்னிடம் இப்படிச் சொன்னார். இடம்பெயர்ந்தபோது வயலினும் போய்விட்டது, வாசித்த பழக்கமும் போய்விட்டது என்றார். அதற்குப் பிறகு பிள்ளைகளை வளர்ப்பதும் நிவாரணத்துக்கு அலைவதும் கடன் கட்டுவதுமாகவே காலம் போயிற்று. ‘இன்னும் வயது இருக்கிறது அம்மா’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அன்று சமாளித்தேன். அது சரியான பதில் அல்ல என்பது எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பின்னர்தான் எலிசபெத் கொட்டனின் நினைவு வந்தது. அவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண். வாழ்நாளின் பெரும்பகுதியை வீட்டுப் பணிப்பெண்ணாகக் கழித்தவர். விரல்களால் மீட்டிக் கிற்றார் வாசிப்பதில் தனக்கென ஒரு முறையை உருவாக்கியவர். அவரது விரல்களையும் வாத்தியத்தையும் பற்றி எமது வாசகியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஐந்து மாதச் சம்பளம்

எலிசபெத் 1893இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள கார்போரோ என்ற சிற்றூரில் பிறந்தார். அந்நாட்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்டு அப்போது 28 ஆண்டுகளே ஆகியிருந்தன. கறுப்பின மக்களுக்குத் தனிப் பாடசாலை, தனி இருக்கை, குறைந்த கூலி என்று வாழ்க்கை இருந்தது. அவரது வீடு புகையிரதப் பாதைக்கு அருகில் இருந்தது. புகையிரதச் சத்தத்தைக் கேட்டே அவர் வளர்ந்தார்.

அண்ணனிடம் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஒன்று இருந்தது. அண்ணன் வேலைக்குப் போனதும் தங்கை அதை எடுத்து இரகசியமாக வாசித்துப் பழகினாள். கற்பிக்க ஆசிரியர் எவரும் இருக்கவில்லை. சிறு வயதிலேயே பாடசாலையை விட்டு வீட்டு வேலைக்குப் போக நேர்ந்தது. மாதச் சம்பளம் 75 சதம். அதைச் சேர்த்து வைத்து 3 டொலர் 75 சதத்துக்கு ‘ஸ்டெல்லா’ என்ற மலிவு வகைக் கிற்றார் ஒன்றை அவர் வாங்கினார். கணக்குப் பார்த்தால் அது முழுதாக ஐந்து மாதச் சம்பளம்.

பன்னிரண்டு வயதளவில், வீட்டருகே ஓடிய சரக்குப் புகையிரதத்தை நினைத்து அவர் ஒரு பாடலை ஆக்கினார். ‘ஃபிரெய்ட் ட்ரெயின்’ என்ற அந்தப் பாடல் பிற்காலத்தில் உலகெங்கும் கிற்றார் பழகுவோர் கற்கும் பாடல்களில் ஒன்றாயிற்று.

விரல்களின் வேலை

கிற்றாரில் ஆறு தந்திகள் உண்டு. வழக்கமாக வாசிப்பவர் மடியில் வைக்கும்போது தடித்த தந்தி மேலேயும் மெல்லிய தந்தி கீழேயும் இருக்கும். தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 82 தடவை அதிர்ந்து கனத்த ஒலி தரும். மெல்லிய தந்தி சுமார் 330 தடவை அதிர்ந்து கூர்மையான ஒலி தரும்.

விரலால் மீட்டும் முறையில் ஒரே ஆள் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார். வலது கையின் கட்டைவிரல் தடித்த தந்திகளை மாறி மாறித் தட்டித் தாளத்தைக் காக்கும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டின் இராகத்தை எடுக்கும். எமது கச்சேரிகளில் வீணைக்குப் பக்கத்தில் மிருதங்கம் இருப்பதுபோல, இங்கே இரண்டும் ஒரே கைக்குள் இருக்கின்றன. கட்டைவிரல் பிசகினால் பாட்டு நின்றுவிடும்.

எலிசபெத் இடக்கைப் பழக்கம் உள்ளவர். இப்படிப்பட்டவர்கள் பொதுவாகத் தந்திகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. வலக்கைக்காரருக்குக் கட்டிய கிற்றாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். மெல்லிய தந்திகள் மேலே வந்தன, தடித்த தந்திகள் கீழே போயின. அதனால் விரல்களின் வேலையும் தலைகீழாயிற்று. சுட்டுவிரல் கீழேயிருந்து தடித்த தந்திகளை மாறி மாறி இழுத்துத் தாளம் போட்டது. கட்டைவிரல் மெல்லிய தந்திகளில் இராகத்தை வாசித்தது. தந்திகளை அழுத்தும் வலது கையின் விரல்களும் புத்தகத்தில் உள்ள படங்களுக்கு நேர்மாறாகவே நின்றன.

இதனால் கிடைத்த ஒலியும் வேறு. கட்டைவிரல் மற்ற விரல்களைவிடப் பலமானது, சதைப்பற்று உள்ளது. அது இராகத்தை எடுக்கும்போது ஒவ்வொரு சுரமும் உருண்டு திரண்டு தெளிவாக விழுகிறது. கீழே தாளம் புகையிரதச் சில்லுப் போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். இந்த முறைக்கு ‘கொட்டன் மீட்டல்’ என்று இன்று அவருடைய பெயரே வழங்குகிறது. பிழையான பிடி என்று எவரும் சொல்லக்கூடிய ஒன்று, ஒரு வாசிப்பு முறையாக நிலைத்துவிட்டது.

பெட்டியின் பலம்

பின்னாளில் அவர் வாசித்தது ‘மார்ட்டின்’ கிற்றார். 1833இல் தொடங்கப்பட்ட பழைய நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு இது. பெரிய உடல் கொண்ட கிற்றார்களைவிட அளவில் சிறியது. பக்கங்களும் பின்புறமும் மஹோகனிப் பலகை. முன்பலகை ஸ்புரூஸ் என்ற இலேசான, ஆனால் வலுவான மரம்.

தந்தி தனியே அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் சரியாகக் கேட்காது. தந்தியின் அதிர்வு கீழே உள்ள பாலக்கட்டை வழியாக முன்பலகைக்குப் போகிறது. பலகை அதிர்ந்து, பெட்டிக்குள் உள்ள காற்றையும் அசைக்கிறது. அப்போதுதான் ஒலி அறை முழுவதும் பரவுகிறது. பலகை மெல்லியதாக இருந்தால்தான் நன்றாக அதிரும். ஆனால் ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து அதைச் சுமார் 70 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதைத் தாங்குவதற்காகப் பலகையின் உட்புறத்தில் மரச்சட்டங்களைக் குறுக்குநெடுக்காக ஒட்டி வைக்கிறார்கள். வெளியே தெரியாத அந்தச் சட்டங்களே கிற்றாரைக் காக்கின்றன. சிறிய உடல் கொண்ட கிற்றாரில் ஒவ்வொரு தந்தியின் ஒலியும் ஒன்றோடொன்று கலந்து குழம்பாமல் தனித்துக் கேட்கும். அவரது நுணுக்கமான மீட்டலுக்கு அது பொருத்தமாக இருந்தது.

வாசிக்காத காலம்

எலிசபெத்துக்கு 17 வயதளவில் திருமணமாயிற்று. ஒரு மகள் பிறந்தாள். உலகப் பாடல்களை வாசிப்பது பக்திக்கு ஏற்றதல்ல என்று தேவாலயத்தில் சொன்னார்கள். குடும்பப் பொறுப்பும் சேர்ந்துகொள்ள, அவர் கிற்றாரை ஓரமாக வைத்தார். பல பத்து ஆண்டுகள் பெரும்பாலும் வாசிக்கவேயில்லை.

கணவரைப் பிரிந்த பின் அவர் வாஷிங்டன் நகருக்குச் சென்றார். 1940களில் அங்கே பெரிய கடை ஒன்றில் வேலை செய்தபோது, தாயைத் தவறவிட்டு அழுதுகொண்டு நின்ற சிறுமி ஒருத்தியைக் கண்டு தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் ரூத் குரோஃபோர்ட் சீகர் என்ற இசையமைப்பாளர். அந்தச் சந்திப்பின் மூலம் சீகர் குடும்பத்தில் அவருக்குப் பணிப்பெண் வேலை கிடைத்தது. வீடு முழுக்க இசை. சுவரில் கிற்றார் ஒன்று தொங்கியது. எவரும் இல்லாத நேரத்தில் அதை எடுத்து மெதுவாக வாசித்துப் பார்த்தார். அன்று தொலைந்து நின்ற அதே பிள்ளை, பெகி, வளர்ந்த பின் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டாள். தமக்குச் சமைத்துத் தந்தவர் யார் என்பது அந்த வீட்டாருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெகியின் அண்ணன் மைக் சீகர் அவரது வாசிப்பை ஒலிப்பதிவு செய்தார். 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. அப்போது எலிசபெத்துக்கு வயது சுமார் 65.

யாருடைய பாட்டு?

இதற்கிடையே ஓர் அநியாயமும் நடந்தது. பெகி இங்கிலாந்துக்குச் சென்று ‘ஃபிரெய்ட் ட்ரெயின்’ பாடலைப் பாடினார். அதைக் கேட்ட இருவர் தாமே எழுதியதாகப் பதிவு செய்துகொண்டனர். 1957இல் ஒரு குழு பாடி வெளியிட்டு, அந்தப் பாடல் அங்கே பெரும் வெற்றி பெற்றது. அதை ஆக்கியவரோ அமெரிக்காவில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தார். பின்னர் சீகர் குடும்பத்தினரின் முயற்சியால் அவரது பெயரும் உரிமையும் சேர்க்கப்பட்டன. பெண்களின் உழைப்பும் ஆக்கமும் வேறொருவர் பெயரில் பதிவாவது எமக்கும் புதிதல்ல. காணி உறுதியானாலும் சங்கக் கணக்கானாலும் பெயர் எங்கே எழுதப்படுகிறது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

1960களில் அவர் மேடை ஏறத் தொடங்கினார். 1967இல் வெளிவந்த ‘ஷேக் ஷுகரீ’ பாடலைப் பூட்டப்பிள்ளைகளுடன் சேர்ந்து ஆக்கினார். வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக அடகு வைத்துவிட்ட கதை அது. அடகுக்கடை வாசலில் நின்றறிந்த எவருக்கும் அந்தப் பாட்டுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இசையால் கிடைத்த வருமானத்தைக் கொண்டு அவர் நியூயோர்க் மாநிலத்தின் சிராகியூஸ் நகரில் வீடு வாங்கினார். 1985இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், கிராமி விருதைப் பெற்றார். 1987இல் காலமானார். 2022இல் றொக் அன்ட் றோல் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.

இந்தக் கதையை ‘மனம் வைத்தால் எல்லாம் முடியும்’ என்று சுருக்கிவிடக்கூடாது. அவருக்கு மனம் எப்போதும் இருந்தது. நேரமும் வாத்தியமும் கேட்க ஒரு காதுமே இல்லாமல் இருந்தன. கடையில் ஒரு பிள்ளை தொலைந்திராவிட்டால் அவரை உலகம் அறிந்திருக்காது. அப்படி அறியப்படாமலே போன பணிப்பெண்கள் எத்தனை பேரோ! ஆகவே ‘முயற்சி செய்யுங்கள்’ என்று பெண்களுக்குச் சொல்வதோடு எம்மைப் போன்ற நிறுவனங்களின் வேலை முடிந்துவிடாது. சுவரில் ஒரு வாத்தியத்தைத் தொங்கவிடுவதும் எமது வேலைதான்.

பீற் சீகரின் 1960களின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எலிசபெத் வாசித்த காட்சியை இன்று கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். அடுத்த தையல் வகுப்பில் அதை அந்த அம்மாவுக்குக் காட்டினேன். அவர் திரையை உற்றுப் பார்த்தார்.

“இவ எல்லாத்தையும் மாறியெல்லே பிடிச்சிருக்கிறா” என்றார்.

“ஓம் அம்மா. அப்படியேதான் கடைசிவரை வாசித்தவ.”

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். இரண்டாம் தரம் ஓடும்போது அவரது இடது கை விரல்கள் தையல் மெஷின் பலகையில் நான்கு தந்திகளைத் தேடிக்கொண்டிருந்தன.