மின்விசையில் பிறக்கும் இசை



தேவாரத்திலிருந்து கோம்பைக்குச் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சிறிது தொலைவு சென்றால் பண்ணைப்புரம் என்னும் ஊர் வரும். 1943ஆம் ஆண்டில் இளையராஜா பிறந்த ஊர் அது. தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஆர்மோனியமும் கையுமாக ஊர் ஊராகச் சென்ற அந்த இளைஞர், பின்னர்ச் சென்னை சென்று, 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாக நாடறிந்த இசையமைப்பாளர் ஆனார். பத்து ஆண்டுகள் கழித்து, 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்திற்கு யமஹா நிறுவனத்தின் இசைக் கணினி ஒன்றைப் பயன்படுத்தினார். துருத்தி இழுத்து வாசிக்கும் பெட்டியிலிருந்து, மின்விசையால் ஒலியைப் படைக்கும் பெட்டிவரை, ஒரு மனிதரின் வாழ்நாளிலேயே இசை எவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறது, பாருங்கள்!

சிந்தசைசர் என்று இன்று எல்லாரும் வழங்கும் அந்த மின்னிசைக் கருவியைப் பற்றியே உங்களோடு பேச வந்திருக்கிறேன். நான் இசைவாணன் அல்லன். பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். ஆயினும், இக்கருவியைப் பற்றி நான் கற்றே ஆகவேண்டிய நிலை ஒருநாள் வந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில் ஆண்டுவிழா நடந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், வாடகைக்கு எடுத்து வந்த கீபோர்டில் மோகன ராகத்தில் ஒரு பாட்டு வாசித்தான். கூட்டம் மகிழ்ந்து கைதட்டியது. அவனுடைய தந்தையார் நாகசுரக் கலைஞர். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவர் கைதட்டவில்லை. விழா முடிந்ததும் என்னிடம் வந்து, “சுரமெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஐயா. ராகத்தைத்தான் காணோம். இந்தப் பெட்டிக்கு மூச்சு எங்கே இருக்கு?” என்று கேட்டார்.

அவருடைய வருத்தம் ராகத்தைப் பற்றியது மட்டும் அன்று. அவர் வழக்கமாக வாசித்துவந்த கோயிலொன்றில், பூசை வேளையில் மணியையும் முரசையும் தாமாகவே அடிக்கும் மின்பொறி ஒன்றை அண்மையில்தான் வாங்கி வைத்திருந்தார்கள். மணவீடுகளிலும் நாகசுரம் முகூர்த்த நேரத்தோடு முடிந்துவிட, மாலை வரவேற்புக்கு மெல்லிசைக் குழுவை அழைக்கும் வழக்கம் பரவியிருந்தது. இப்போது பெற்ற மகனே கீபோர்டின் பக்கம் போகிறான். அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. விடை தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

சிந்தசைசர் என்னும் சொல்லுக்குத் தொகுத்து ஆக்குவது என்று பொருள். ஓர் ஒலியின் உறுப்புகளைத் தனித்தனியே உண்டாக்கி, அவற்றைச் சேர்த்து முழு ஒலியாக ஆக்குவதே இக்கருவியின் வேலை. இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டா. உங்கள் தொண்டையும் வாயும் போதும். ஒரே சுருதியில் ‘ஊ’ என்று ஒலியுங்கள். சுருதியை மாற்றாமலே அதை மெல்ல ‘ஆ’ ஆக்குங்கள். பிறகு ‘ஈ’ ஆக்குங்கள். சுருதி ஒன்றுதான், ஆனால் ஒலியின் நிறம் மாறிக்கொண்டே வருகிறது. தொண்டையில் உள்ள குரல்நாண்கள் ஒலியை எழுப்புகின்றன. வாயின் வடிவம் அவ்வொலியில் சில கூறுகளை ஓங்கச் செய்து, சிலவற்றை அடக்குகிறது. மூச்சோ அந்த ஒலி எப்போது எழவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எப்படி அடங்கவேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

சிந்தசைசருக்கும் இவை போன்ற மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது அலையியற்றி. இது மின்னழுத்தத்தை ஒரு நொடியில் பல நூறு முறை ஏற்றி இறக்குகிறது. நொடிக்கு 440 முறை ஏறி இறங்கினால் ஒரு சுரம். 880 முறையானால் அதே சுரத்தின் மேல் தாயி. அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்தைப் பொறுத்து ஒலியின் தன்மை வேறுபடும். மெல்லிய வளைவாக ஏறி இறங்கினால் குழலை ஒத்த தூய ஒலி கிடைக்கும். வாளின் பற்களைப் போல் ஏறிச் சட்டென்று விழுந்தால், பிடிலை நினைவூட்டும் செறிந்த ஒலி கிடைக்கும். சதுரம் சதுரமாகத் தாவினால் கிளாரினெட்டைப் போல் ஒலிக்கும்.

இரண்டாவது உறுப்பு வடிகட்டி. வாய் செய்யும் வேலையை இது செய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த உங்களுக்கு மடை திறப்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமோ? மடையை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு நீர் பாய்வதுபோல, வடிகட்டியை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு உயர் அதிர்வுகள் வெளிவரும். மூடினால் ஒலி மங்கி அடங்கும். திறந்தால் பளிச்சென்று ஒலிக்கும்.

மூன்றாவது உறுப்புத்தான் நாகசுரக் கலைஞர் தேடிய மூச்சுக்கு மிக அருகில் நிற்பது. கோயில் மணியை அடித்தால் ஒலி ஒரே நொடியில் எழுந்து, நெடுநேரம் தேய்ந்து மறைகிறது. நாகசுரத்தில் ஒலி எழுந்து, மூச்சு உள்ளவரை நின்று, மூச்சை நிறுத்தியதும் அடங்குகிறது. எழுதல், தணிதல், நிற்றல், அடங்கல் என்னும் இந்த நான்கு நிலைகளையும் நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ள இம்மூன்றாம் உறுப்பு உதவுகிறது. அலைவடிவத்தை மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே, மணியைப் போன்ற ஒலி குழலைப் போல நீண்டு ஒலிக்கத் தொடங்கிவிடும்.

இத்தகைய கருவியை 1964இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் இராபர்ட் மூக் என்னும் பொறியாளர். அவர் கையாண்ட முறை எளியது, அழகியது. ஒரு வோல்ட் மின்னழுத்தம் கூடினால் சுரம் ஒரு தாயி உயரவேண்டும் என்று விதித்துக்கொண்டார். இதனால் ஓர் உறுப்பை மற்றோர் உறுப்பு ஆட்டிவைப்பது கைகூடியது. தொடக்கத்தில் இக்கருவி ஓர் அலமாரி அளவு இருந்தது. உறுப்புகளைக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்தால்தான் ஒலி வரும். ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். 1968இல் வெண்டி கார்லோஸ் என்பவர் பாக்கின் இசையை இதில் ஒவ்வொரு குரலாகத் தனித்தனியே வாசித்து, நாடாவில் பதிவு செய்து, ஒன்று சேர்த்து வெளியிட்டபோது உலகம் வியந்தது.

நம் நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. 1969இலேயே அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் கருவியோடு மின்னிசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவ உதவினார். அங்கு இந்தியர்கள் பதிவு செய்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் எவரும் கேளாமல் கிடந்து, 2017இல் பால் பர்கஸ் என்பவரால் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன.

1970இல் வந்த மினிமூக், இக்கருவியை மேசைமேல் வைத்து வாசிக்கும் அளவுக்குச் சுருக்கியது. பழைய கருவிகளை இன்றும் பலர் தேடி வாங்குவதற்குக் காரணம், அவற்றின் ஒலியில் உள்ள ஓர் உயிர்ப்பு. வெப்பம் ஏறினால் அவற்றின் சுருதி சற்றே நழுவும். தம்புராவைக் கூட்டுவதுபோல அடிக்கடி கூட்டவேண்டும். அமைத்த ஒலியை நினைவில் வைக்கும் திறனும் தொடக்கக் கருவிகளுக்கு இல்லை. குமிழ்கள் நின்ற இடங்களை வாசிப்பவர் தாளில் வரைந்து வைத்துக்கொள்வார். 1978இல் வந்த புராஃபெட்-5 என்னும் கருவி ஐந்து சுரங்களை ஒருசேர ஒலித்ததோடு, அமைத்த ஒலிகளை நினைவிலும் வைத்துக்கொண்டது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. ஓர் அலையைக்கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலியைப் படைக்கும் முறை அதில் கையாளப்பட்டது. அம்முறையைக் கண்டவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங். அதே ஆண்டில், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள ‘மிடி’ என்னும் பொதுமொழியும் வழக்கிற்கு வந்தது. இன்றோ, அலமாரி அளவிலிருந்த கருவி செய்த வேலையைக் கைப்பேசியிலுள்ள ஒரு செயலியே செய்துவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். மெல்லிசை மேடைகளில் காணும் கீபோர்டுகளிற் பல, ஒலியைத் தொகுத்து ஆக்குபவை அல்ல; முன்பே பதிவு செய்து வைத்த பிடில் ஒலியையோ குழல் ஒலியையோ, கட்டையை அழுத்தியதும் திருப்பித் தருபவை. அன்று நம் மாணவன் வாசித்ததும் அத்தகையதே. பிறர் பதிந்து வைத்த மூச்சை இரவல் வாங்கினான். தன் மூச்சை அதில் சேர்க்க அவன் அறிந்திருக்கவில்லை.

இனி, ராகத்தைக் காணோம் என்றாரே, அதற்கு வருவோம். நம் இசையில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குத் தாவுவது மட்டும் போதாது. இடைவெளியை இழைத்துச் செல்லவேண்டும். அதுவே கமகம். கட்டைகள் வைத்த கருவியோ படிக்கட்டைப் போன்றது; படிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை. இந்தக் குறையைச் சுட்டித்தான் நம் வானொலி நிலையங்கள் 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கிவைத்தன. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தின் நாக்கு ஒரே சுருதியில் வார்க்கப்பட்டது. அதை வளைக்க இயலாது. மின்விசையால் ஒலிக்கும் சுரத்தையோ வளைக்கலாம். மினிமூக்கின் இடப்பக்கத்திலேயே சுருதியை வளைப்பதற்கென்று ஒரு சிறு சக்கரம் உண்டு. இன்றைய கீபோர்டுகளிலும் அது பெரும்பாலும் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

தொட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டு நிறுவனத்தின் மூன்று கருவிகளைக்கொண்டு பத்து இந்துஸ்தானி ராகங்களை இசைத்தட்டாக வெளியிட்டார். நம் ஹிந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸும், மோகனத்தை ஒத்த பூபாளியும் அவற்றுள் உண்டு. அம்மூன்றில் ஒன்றாகிய டிபி-303, பேஸ் கித்தாருக்கு மாற்றாக விற்கப்பட்டு, வரவேற்பின்றி 1984இல் உற்பத்தி நின்றுபோன கருவி. அதில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. ராகத்திற்கு வேண்டிய இழைவை அவர் அதில் கண்டார். இசைத்தட்டு அன்று விலைபோகவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, அதே கருவியைக்கொண்டு சிகாகோ நகர இளைஞர்கள் புதியதொரு நடன இசையைத் தொடங்கினார்கள். சரண்ஜித் சிங்கின் தட்டு 2010இல் மறுபதிப்பானபோதுதான், அதற்கு ஒப்பான இசையை முன்னரே ஓர் இந்தியர் படைத்திருந்தார் என்பது பரவலாகத் தெரிந்தது.

இளமையில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த ஏ.ஆர். ரகுமான், 1992இல் ‘ரோஜா’ படத்தின்மூலம் மின்னிசையின் மற்றொரு வாயிலைத் திறந்தார். கட்டைகளே இல்லாமல், விரல் வழுக்கிச் செல்லும் பரப்பை உடைய கன்டினுவம் என்னும் கருவியையும் அவர் வாசித்து வருகிறார். கே. சத்யநாராயணன் என்னும் கலைஞரோ, சாதாரணக் கீபோர்டின் சக்கரத்தைக்கொண்டே கமகங்களை இழைத்துக் கருநாடக இசைக் கச்சேரி செய்கிறார்.

இவற்றையெல்லாம் படித்தறிந்தபின், அந்த மாணவனை அழைத்து, சக்கரத்தைக் காட்டினேன். “இதை எவ்வளவு திருப்பவேண்டும், ஐயா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. “உன் தந்தையாரைக் கேள்” என்றேன். சில திங்கள் சென்றபின் அவர்கள் வீட்டிற்குப் போயிருந்தேன். திண்ணையில் தந்தையார் ஒரு பிடி பாடுகிறார். மகன் வலக்கையால் கட்டையை அழுத்தி, இடக்கையால் சக்கரத்தை நகர்த்தி, அதைப் பிடிக்க முயல்கிறான். பத்து முறை தவறியது. பதினோராம் முறை தந்தையார் தலையசைத்தார். “இப்பத்தான் லேசாப் பேசுது” என்றார்.

அவருக்குக் கோயில் வாசிப்புத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை, கிடைக்கவில்லை. பொறி வந்தால் சிலருடைய பிழைப்பு குறைகிறது என்பது மெய். அதை மறைத்துப் பேசுவது கல்வி ஆகாது. ஆனால், அவரிடம் இருந்த ஞானம் எந்தப் பொறியிலும் இல்லை என்பதும் மெய். சக்கரத்தை எவ்வளவு திருப்பவேண்டும் என்று கருவியோடு வந்த கையேடு சொல்லவில்லை. அந்த முதியவரின் செவிதான் சொன்னது.

ஆகவே, மாணவர்களே, மின்னிசையில் விருப்பமுடையவர்கள் விலையுயர்ந்த பழங்கருவிக்கு ஏங்கவேண்டா. கையில் கிடைக்கும் எளிய கருவியைத் திறந்த அறிவோடு அணுகுங்கள். அலை, வடிகட்டி, ஒலியின் எழுச்சியும் அடக்கமும் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் நாகசுரம் வாசிப்பவரோ, தவில் வாசிப்பவரோ, கும்மிப் பாட்டு அறிந்த பாட்டியோ இருந்தால், அவர்கள் முன் அமர்ந்து கேளுங்கள். கேட்டதைக் கருவியில் கொண்டுவர முயலுங்கள். அவர்கள் தலையசைக்கும்வரை விடாதீர்கள்.