விண்வெளிக்கு ஏன் செல்ல வேண்டும்?

2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இரவு. நம் நாட்டு மக்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். கஜகஸ்தானிலுள்ள பைகோனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் விண்கலம் புறப்பட்டது. அதில் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுகோர் இருந்தார். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் அவரே. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் புற்றுநோய் உயிரணுக்கள், நுண்ணுயிர்கள் பற்றிய ஆய்வுகளை மேற்கொண்ட அவர் அக்டோபர் 21ஆம் நாள் பூமிக்குத் திரும்பினார்.

இவ்வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? மலேசியா ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை வாங்கியது. அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக, மலேசியர் ஒருவரை விண்வெளிக்கு அழைத்துச் செல்ல ரஷ்யா இசைந்தது. 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இறுதிச் சுற்றுக்குத் தேர்வான நால்வரில் எஸ். வனஜா என்ற பெண் பொறியியலாளரும் ஒருவர். அக்காலத்தில் நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பலருக்கு அவர் பெயர் ஊக்கமளித்தது.

பெருமிதம் ஒருபுறமிருக்க, மக்களிடையே ஒரு கேள்வியும் எழுந்தது. “நிலத்தில் இத்தனை தேவைகள் இருக்கும்போது விண்வெளிக்கு ஏன் பணம் செலவிட வேண்டும்?” என்பதே அக்கேள்வி. இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. விடையை நம் ஜொகூர் மாநிலத்திலிருந்தே தேடுவோம்.

2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஜொகூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கோத்தா திங்கி, சிகாமட் முதலிய ஊர்கள் நீரில் மூழ்கின. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். இத்தகைய வேளையில் வெள்ளம் எதுவரை பரவியுள்ளது, எந்தச் சாலை துண்டிக்கப்பட்டுள்ளது என்பதை மீட்புப் பணியாளர்கள் உடனே அறிய வேண்டும். வானமோ மேகத்தால் மூடியிருக்கும். ஆனால், ரேடார் கருவி பொருத்திய துணைக்கோள் மேகத்தை ஊடுருவி, இரவிலும் நிலத்தைப் படம் பிடிக்கும். புகைமூட்டக் காலத்தில் காட்டுத்தீ எரியும் இடங்களைக் கண்டறிவதும் துணைக்கோள்களே. வீட்டுக்கூரையில் அஸ்ட்ரோ தட்டு இருந்தால், அது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள மியாசாட் துணைக்கோளை நோக்கியே நிற்கிறது. ஆகவே, நாம் விண்வெளியைப் பயன்படுத்தாத நாளே இல்லை எனலாம்.

அப்படியானால், பிற நாடுகளின் துணைக்கோள் படங்களை வாங்கிக்கொண்டால் போதாதா? ஓரளவு போதும். எனினும், பிறரின் துணைக்கோள் நமக்கு வேண்டிய நேரத்தில் நம் தலைக்கு மேல் வரும் என்ற உறுதி இல்லை. இதனை உணர்ந்தே மலேசியா சொந்தத் துணைக்கோள்களை உருவாக்க முனைந்தது. 2000ஆம் ஆண்டு தியோங்சாட்-1 என்னும் சிறிய துணைக்கோள் ஏவப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ரஸாக்சாட் விண்ணில் பாய்ந்தது. அதைச் சுமந்து சென்றது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-1 ராக்கெட் ஆகும். இன்று உலகப் புகழ் பெற்றுள்ள அந்நிறுவனம் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்த்த முதல் வணிகத் துணைக்கோள் நம் நாட்டினுடையது என்பது பலர் அறியாத செய்தி.

ரஸாக்சாட்டின் சுற்றுப்பாதையும் தனித்தன்மை வாய்ந்தது. பெரும்பாலான புவிநோக்குத் துணைக்கோள்கள் வடதுருவம், தென்துருவம் வழியாகச் சுற்றுகின்றன. அவை ஒரே இடத்திற்கு மீண்டும் வரப் பல நாள்கள் ஆகலாம். அவை வரும் நேரத்தில் மேகம் மூடியிருந்தால் படம் கிடைக்காது. ரஸாக்சாட்டோ நிலநடுக்கோட்டை ஒட்டியே, ஏறக்குறைய 685 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாளில் பலமுறை சுற்றி வந்தது. அடிக்கடி வந்தால் மேகம் விலகிய ஒரு கணமாவது கிடைக்கும் என்பதே திட்டம்.

திட்டம் சிறந்தது, ஆனால், விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. எடுக்கப்பட்ட படங்கள் குறித்த இடத்திலிருந்து விலகியிருந்தன. ஏறக்குறைய ஓராண்டிற்குப் பின் துணைக்கோளுடனான தொடர்பு அறுந்தது. இதன் செலவும் பயனும் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில் கேள்விக்குள்ளாயின. மக்கள் பணத்தைச் செலவிடும் எத்திட்டமும் இவ்வாறு கணக்குக் காட்டியே ஆக வேண்டும்.

ஒரு திட்டம் முடிந்ததும் அடுத்தது என்ன என்று தெரியாமல் நின்றால் கற்ற பாடமும் பயிற்சி பெற்ற பொறியியலாளர்களும் வீணாவர். இங்குதான் கொள்கையின் தேவை எழுகிறது. கொள்கை என்பது எதற்காக, எதை, யார் செய்வது என்று ஒரு நாடு முன்கூட்டியே எடுக்கும் தெளிவான முடிவு. அவ்வகையில் மலேசியா தேசிய விண்வெளிக் கொள்கை 2030ஐ வகுத்தது. 2019ஆம் ஆண்டு, தேசிய விண்வெளி நிறுவனமும் தொலையுணர்வு நிறுவனமும் இணைக்கப்பட்டு, மலேசிய விண்வெளி நிறுவனம் உருவானது. அதன்பின் மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் 2022 இயற்றப்பட்டது. விண்வெளி நடவடிக்கைகளில் ஈடுபடுவோர் உரிமம் பெறுதல், பாதுகாப்பைப் பேணுதல் போன்றவற்றை அது நெறிப்படுத்துகிறது.

சட்டம் எதற்கு என்று ஐயுறுவோர் 2022ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நள்ளிரவை நினைத்துப் பார்க்கலாம். கூச்சிங் நகரின் வானில் நெருப்புக் கோடுகள் ஓடின. விண்கற்கள் என்று எண்ணிப் பலர் படம் பிடித்தனர். உண்மையில் அவை பூமிக்குத் திரும்பிய சீன ராக்கெட் ஒன்றின் எச்சங்கள். பிறர் ஏவும் ராக்கெட்டும் நம் கூரைமேல் விழக்கூடும். ஆகவே, விண்வெளியில் கால் பதிக்காத நாட்டிற்கும் விண்வெளிச் சட்டம் தேவையே.

எதிர்காலத்தில் நமக்கு ஓர் இயற்கைச் சாதகமும் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு இவ்வேகம் இலவசமாகக் கிடைப்பதால் எரிபொருள் மிச்சமாகிறது. ஜொகூர் பாருவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகை வடக்கே மட்டுமே உள்ளது. சபா, பஹாங் போன்ற மாநிலங்களில் ஏவுதளம் அமைக்க முடியுமா என்றும் ஆராயப்பட்டுள்ளது. ஆயினும், இடம் மட்டும் போதாது. கிழக்கே திறந்த கடல் வேண்டும். கப்பல், விமானப் பாதைகளுக்கு இடையூறு நேரக்கூடாது. அருகில் வாழும் மீனவரின் பிழைப்பும் காக்கப்பட வேண்டும்.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்புவோம். விண்வெளிக்குச் செலவிடலாமா? வெறும் பெருமைக்காக என்றால் வேண்டியதில்லை. வெள்ளத்தில் சிக்கியவரை விரைந்து மீட்கவும், காட்டையும் கடலையும் காக்கவும் உதவுமெனில், கணக்குக் காட்டிச் செலவிடும் ஒவ்வொரு ரிங்கிட்டும் பயனுடையதே. மாணவர்களே, இப்பணிக்கு விண்வெளி வீரர் மட்டும் போதாது. பொறியியலாளர், வழக்கறிஞர், வேளாண் வல்லுநர், கணக்காய்வாளர் எனப் பலரும் வேண்டும். அவர்களுள் ஒருவர் இன்று உங்கள் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம்.