பெரம்பலூர் வானில் ஒரு வேக வரம்பு

பெரம்பலூரிலும் அரியலூரிலும் விமான நிலையம் இல்லை. ஆயினும் திருச்சியில் இறங்க வரும் விமானிக்கு இவ்வூர்களின் வானம் முக்கியமானது. தமிழ்நாட்டுப் படத்தில் சென்னை விமான நிலையத்தையும் திருச்சி விமான நிலையத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே செல்வதைக் காண்பீர்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து இரண்டு ஊர்களுமே நேர்த்தொலைவில் சுமார் 55 முதல் 58 கி.மீ. தூரத்தில் உள்ளன.

இந்தத் தூரத்தில் என்ன சிறப்பு? பயணிகள் விமானம் ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்குவது வழக்கம். 10,000 அடி என்பது 3.05 கி.மீ. இதை tan 3°-இன் மதிப்பாகிய 0.052-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 58 கி.மீ. கிடைக்கும். அதாவது, நேராக இறங்கி வரும் விமானம் இப்பகுதியைக் கடக்கும்போது சுமார் 10,000 அடி உயரத்தில் இருக்கும். கட்டுப்பாட்டு நிலையம் தரும் பாதையைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம்.

அந்த 10,000 அடிதான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகத்தை மீறக் கூடாது. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. எனவே வரம்பு மணிக்கு 463 கி.மீ. சாலையைப்போல் வானத்தில் அறிவிப்புப் பலகை இல்லை. தான் எங்கே இருக்கிறோம், அங்கே என்ன விதி என்பதை விமானியே எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

விதி பிறந்த கதை

1960 டிசம்பர் 16 அன்று நியூயார்க் நகரின் மேலே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. விமானங்களில் இருந்த 128 பேரும் தரையில் இருந்த 6 பேரும் மாண்டனர். அவற்றுள் ஒன்று டிசி-8 என்னும் ஜெட் விமானம். பிரஸ்டன் என்ற இடத்தைத் தாண்டக் கூடாது என்பது அதற்கு இடப்பட்ட ஆணை. வரும் வழியில் அதன் பாதை சுமார் 11 மைல் குறுக்கப்பட்டது. அதனிடமிருந்த இரு வழிகாட்டும் வானொலிக் கருவிகளுள் ஒன்று பழுது. விமானம் மிகுந்த வேகத்தில் வந்து, பிரஸ்டனைத் தாண்டி, மற்றொரு விமானத்தின் வான்வெளிக்குள் புகுந்துவிட்டது. "பிரஸ்டனை நெருங்குகிறோம்" என்று விமானிகள் அறிவித்தபோதே அந்த இடம் பின்னால் போய்விட்டிருந்தது! எல்லையை மீறியதே விபத்துக்குக் காரணம் என்றும், அதிக வேகம் துணைக் காரணம் என்றும் விசாரணையில் முடிவாயிற்று.

1961-இல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. இறங்கும் நிலையத்திலிருந்து 30 கடல் மைலுக்குள், 10,000 அடிக்குக் கீழே, 250 நாட்டுக்கு மேல் கூடாது. 30 கடல் மைல் என்பது 55.6 கி.மீ.; திருச்சி விமான நிலையத்துக்கும் பெரம்பலூருக்கும் இடையிலுள்ள தூரமும் ஏறத்தாழ அதுவே.

வேகமும் வளைவும்

விமானங்கள் ஒவ்வொன்றுக்கும் வானில் ஓர் அறை ஒதுக்கப்படுகிறது எனலாம். அதன் சுவர்கள் கண்ணுக்குத் தெரியா. சுவரை இடிக்காமல் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்? மையநோக்கு விசைப் பாடத்தை நினைவுகூருங்கள். சாய்ந்து திரும்பும் விமானத்தின் பாதை ஆரம் = v² ÷ (g tan θ). 25 பாகை சாய்ந்து, நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் திரும்பினால் ஆரம் சுமார் 5 கி.மீ. நொடிக்கு 200 மீட்டரானால் ஏறத்தாழ 9 கி.மீ.! வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதும் ஆரம் இரு மடங்கை நெருங்கிவிடுகிறது.

பறவைகளையும் மறக்கக் கூடாது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு, இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2 கிலோ எடையுள்ள வாத்து ஒன்று விமானத்தில் நொடிக்கு 130 மீட்டர் வேகத்தில் மோதினால் இயக்க ஆற்றல் சுமார் 17,000 ஜூல். 180 மீட்டர் வேகத்தில் மோதினால் 32,000 ஜூலுக்கும் மேல். இங்கும் வேகத்தின் வர்க்கமே கணக்கைப் பெருக்குகிறது.

எந்த வேகம்?

250 நாட் என்பது வேகமானி காட்டும் வேகம். விமானத்தின் முன்பகுதியிலுள்ள பிட்டாட் குழாய், எதிர்ப்படும் காற்றின் அழுத்தத்தை உணர்கிறது. வேகமானி ½ρv² என்ற அளவையே வேகமாகக் காட்டுகிறது. 10,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 74 விழுக்காடுதான். ஆகவே வேகமானி 250 காட்டும்போது விமானத்தின் உண்மை வேகம் சுமார் 290 நாட். இறக்கையைத் தாங்குவதும் இதே ½ρv² ஆதலால், விமானிக்கு வேகமானி காட்டும் எண்ணே பயன்படுகிறது.

முன்கூட்டியே திட்டம்

எல்லைக்கோட்டுக்கு வந்தபின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. சரிவில் இறங்கும் சைக்கிளை மிதிக்காவிட்டாலும் அது ஓடுகிறதல்லவா? இறங்கும் விமானத்தின் நிலை ஆற்றலும் அவ்வாறே வேகத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. 300 நாட்டில் உள்ள இயக்க ஆற்றல், 250 நாட்டில் உள்ளதைவிட 44 விழுக்காடு அதிகம். அந்த மிகுதியைக் காற்றின் தடை உறிஞ்ச வேண்டும். அதற்குத் தூரம் தேவை.

எனவே விமானிகள் இரண்டு மனக்கணக்குகளைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். இறங்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிகளில் சொல்லி மூன்றால் பெருக்கினால், தேவையான கடல் மைல் கிடைக்கும். மட்டமாகப் பறக்கையில், 10 நாட் குறைய ஏறக்குறைய ஒரு கடல் மைல் வேண்டும். 300-லிருந்து 250-க்கு வர 5 கடல் மைல், அதாவது 9 கி.மீ. ஆகவே பெரம்பலூரின் மேல் வரம்புக்குள் இருக்க விரும்பும் விமானி, குறைந்தது 9 கி.மீ. முன்னரே வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

விமானத்தை அது இப்போது இருக்கும் இடத்தில் மட்டும் நினைத்தால் போதாது. சில நிமிடங்களில் அது இருக்கப்போகும் இடத்திலும் நினைக்க வேண்டும். பாதை குறுக்கப்பட்டால் கணக்கை உடனே மீண்டும் போட வேண்டும். 1960-இல் 134 உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

உங்களுக்கு ஒரு கணக்கு: 320 நாட் வேகத்தில், 30,000 அடி உயரத்தில் வரும் விமானம், 10,000 அடியில் மட்டமாகப் பறந்து 250 நாட்டுக்குக் குறைந்து, பிறகு தரையிறங்க வேண்டும். நிலையத்துக்கு எத்தனை கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்? மேற்சொன்ன இரண்டு மனக்கணக்குகளே போதும், போட்டுப் பாருங்கள்.

(விடை: 97 கடல் மைல்)